திட்டு விழுந்தால் பயமில்லை

எங்கள் கோயில் வாசலில் மதினிக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவு. யாரோ கல்யாண வீட்டில் எடுத்த படத்தை வெட்டி, பின்னால் நீல வானத்தையும் இரண்டு வெள்ளைப் புறாக்களையும் ஒட்டி, கீழே மூன்று வரி எழுதியிருக்கிறார்கள். ‘சாந்தமே உருவானவர். தாழ்மையின் மறுபெயர். தனக்கென எதுவும் கேட்காதவர்.’

முதல் வரி பச்சைப் பொய். இரண்டாவது அரைப் பொய். மூன்றாவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. செபம் சொல்ல உட்கார்ந்தால் அந்த வரிதான் நாக்கில் வருகிறது. நான் எட்டாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை எழுதாவிட்டால் எனக்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூட மனசு வராது போலிருக்கிறது.

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மேலேயிருந்து திட்டு விழும்.

மதினி என்றால் சொந்த மதினி இல்லை. என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவர்கள்கூட மதினி என்றார்கள்.

பாசி எடுப்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியும்போது வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவோம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி முங்குவோம். கடலுக்குள் பார் இருக்கும், பவளப்பாறை. கல் மாதிரி, கத்தி மாதிரி இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்க வேண்டும். பார் இடுக்கில் கறுப்பாக முள்ளுருண்டைகள் கிடக்கும். தெரியாமல் மிதித்தால் முள் உள்ளங்காலில் ஏறி ஒடிந்துவிடும். எடுக்காமல் விட்டால் சீழ் கட்டும். கரைக்கு வரும்போது எங்களில் நாலு பேராவது நொண்டிக்கொண்டுதான் இறங்குவோம்.

மதினி எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஈர மணலில் உட்கார்ந்துவிடுவார். சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு ஊக்கு இருக்கும். நொண்டுகிறவளைப் பார்த்துக் கையை நீட்டுவார். அத்தோடு வாயும் திறந்துவிடும்.

நான் முதன்முதலில் முள் குத்தி இறங்கியபோது கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“ஏடி, கண்ணாடி மாட்டிக்கிட்டுத்தான முங்குன? அது எதுக்கு, கடலுக்குள்ள படம் பாக்கவா?”

“தெரியல மதினி. அலை தள்ளிருச்சு.”

“அலை தள்ளுச்சாம்ல! இவ பெரிய பூவு, அலை தள்ளிருச்சு. இங்கன கொண்டா கால. அசைக்காதடி! அசைச்ச, முள்ள இன்னும் உள்ள தள்ளி விட்ருவேன். பேரன் பேத்தி எடுக்குற வரைக்கும் நொண்டிக்கிட்டுத் திரி.”

வாய் ஒரு ஆளுடையது, கை வேறொரு ஆளுடையது என்று நினைத்துக்கொண்டேன். என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தார். சேறும் ரத்தமும் அவர் சேலையில் ஊறியது. முள்ளின் நுனியை ஊக்கால் நெம்பும்போது தன் உதட்டைக் கடித்துக்கொண்டார், குத்துவது அவருக்கு என்பது போல. எடுத்து முடித்ததும் கேனில் இருந்த நல்ல தண்ணீரால் கழுவி, தன் விரலில் சுற்றியிருந்த துணியைக் கழற்றிக் கட்டிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “போ, போ. அடுத்தவ வாடி, மகாராணி!” என்றார்.

நன்றி சொல்ல விடமாட்டார். ஒருத்தி கணவாய்க் கறி கொண்டுபோய்க் கொடுத்தாள். “கால் பிடிச்சதுக்குக் கறியா? நாளைக்கு உனக்குத் தலை பிடிச்சுவிட்டா ஆடு வெட்டுவியோ?” என்று கேட்டு, கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுத் தள்ளாத கிழவிக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். கொண்டுவந்தவள் கண் முன்னாலேயே.

இவரையா சாந்தமே உருவானவர் என்கிறீர்கள்? பூசையில் ஒருவருக்கொருவர் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில்கூட யாரையாவது முறைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்பவள் பேன் பார்க்காத தலையோடு பிள்ளையைக் கூட்டி வந்திருப்பாள், அதற்காக. பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளையைப் பிடித்து வைத்துப் பேன் பார்ப்பதும் அவர்தான்.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு காலத்தில் சொந்த லாஞ்சு வைத்திருந்தவர். கோயில் கமிட்டிக் கூட்டத்தில், பாசிக்காரப் பெண்கள் மேல் வாடை அடிக்கிறது, பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள் என்று பேசியவர் அவர்தான். கடைசிக் காலத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்தார். பிள்ளைகள் வெளியூரில். பார்த்துக்கொள்ள வைத்த ஆளும் ஓடிவிட்டான். யாரும் கூப்பிடாமல் மதினி போனார். தண்ணீர் சுமக்க நானும் போனேன், மனசுக்குள் திட்டிக்கொண்டே. எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மதினி வெளியிலேயே திட்டினார். “ஏன் அய்யா, மீட்டிங்குல அம்புட்டுப் பேசுனீக. இப்ப ஒரு வாய்க் கஞ்சி முழுங்க இம்புட்டு அழிச்சாட்டியமா? முழுங்குங்க. பாசி வாடை சேர்ந்த கஞ்சி, ஒடம்புக்கு நல்லது.”

பெரியவர் பாதி வாயால் சிரிப்பார். கண்ணில் தண்ணீர் ஓடும். மதினி அதையும் துடைத்து, அவருடைய பீத்துணியையும் மாற்றிவிட்டு வருவார்.

ஒரு நாள் காலை உள்ளே போன மதினி அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைத் துடைத்தார். நகம் வெட்டினார். வேட்டி மாற்றினார். ஒரு சத்தம் இல்லை. திரும்பி வரும் வழியில், “ஏன் மதினி, இன்னைக்கு ஒரு வார்த்தைகூட வையல?” என்று கேட்டேன்.

“இனிமே அவரு திருந்தி என்னடி செய்யப் போறாரு?” என்றார்.

மூன்றாம் நாள் கோயிலில் சாவு மணி அடித்தது.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வீட்டில் அப்படியே நடந்ததால் ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. மதினி திட்டினால் பிழைத்துக்கொள்வோம். திட்டாவிட்டால் கடைசி எண்ணெய் பூசச் சாமியாரைக் கூப்பிட வேண்டும். யாராவது படுத்துவிட்டால் அக்கம்பக்கத்தில் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

“மதினி வந்து பாத்துச்சா?”

“வந்துச்சு, வந்துச்சு.”

“திட்டுச்சா?”

“கிழிகிழின்னு கிழிச்சுட்டுப் போச்சு.”

“அப்பச் சரி. கஞ்சியக் காய்ச்சு.”

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நானே ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். வாசற்படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசவில்லை. மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருக்கும்போது மதினி இடுப்பில் கையை வைத்தார்.

“ஏலே! பொண்டாட்டி பிள்ளைய அழவிட்டுட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி மஞ்சப் பூசிக்கிட்டுப் படுத்திருக்க? பொண்ணு எந்த ஊருலே?”

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் வந்தது. இன்றைக்கும் அந்த மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார்.

இனி இரண்டாவது வரிக்கு வருகிறேன். தாழ்மையின் மறுபெயர்.

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். ஊரில் இன்னின்ன குடும்பத்துக்கு இன்ன நாற்காலி என்று தலைமுறையாக வழக்கம். அந்த ஆண்கள் வீட்டிலேயே வாசனைச் சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்து, நகம் வெட்டி, புதுச் செருப்பில் வருவார்கள். பங்குச் சாமி குனிந்து கழுவுவார். போட்டோ எடுப்பார்கள்.

மதினி பின்வரிசையில் இருந்து சத்தமாகவே சொல்வார். “கழுவுன காலக் கழுவ எதுக்குடி ஒரு குடம் தண்ணி? அதக் கரைக்குக் கொண்டாந்தா நம்மள்ல நாலு பேரு காலு சுத்தமாகும்.”

புதிதாக வந்த இளம் சாமி இதைக் கேட்டிருக்கிறார். போன வருடம் தவக்காலத்தில் அவரே கரைக்கு வந்தார். மதினி அப்போதும் யாரோ ஒருத்தியின் காலை மடியில் வைத்திருந்தார்.

“இந்த வருஷம் பெண்களும் உட்காரலாம்மா. கமிட்டியில பேசிட்டேன். முதல் நாற்காலி உங்களுக்கு.”

மதினி தலையைத் தூக்கவில்லை. “வேணாம் சாமி.”

“ஏம்மா?”

“எனக்குக் கால் கழுவத் தெரியும் சாமி. நான் என்ன பச்சப் பிள்ளையா?” என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார். சேவை செய்கிறவர்கள் உண்டு, சேவையை வேண்டாம் என்கிற தாழ்மை ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும் என்றார். கோயிலே திரும்பி மதினியைப் பார்த்தது. நாங்கள் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். இந்தத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

மதினிக்குப் பதிலாக அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நானும் சோப்புப் போட்டுத்தான் போனேன்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரம் திரும்பவும் பாசிக்குப் போனோம். திரும்பும்போது வள்ளத்துக்குள் ஒரு வாடை. செத்த மீன் வாடையைவிட மோசம். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். உடனே மதினி எல்லோருக்கும் முந்திக்கொண்டு கத்தினார். “எவடி அது, அழுகல் மீனப் பைக்குள்ள வச்சிருக்கவ? கரைக்கு வாங்க, ஒவ்வொரு பையா உதறிப் பாக்கேன்.”

கத்தும்போதே அவர் கை சேலைக் கரையை இழுத்துக் காலுக்கடியில் செருகியதை நான் பார்த்துவிட்டேன்.

மதினி எப்போதும் கறுப்புக் காலுறை போட்டுத்தான் கடலில் இறங்குவார். பார் கிழிக்கும் என்பார். கரையில் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. வள்ளத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பன்னிரண்டு வருடமாக என் கால் அவர் மடியில் ஏறியிருக்கிறது. என் உள்ளங்காலில் எத்தனை வெடிப்பு என்று அவருக்குத் தெரியும். அவர் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்களில் ஒருத்திக்குமே தெரியாது.

கரையில் எல்லோரும் போனபிறகு நான் போகவில்லை.

“காலக் காட்டுங்க மதினி.”

“போடி, வீட்ல பிள்ளைக பசிச்சுக் கெடக்கும்.”

“காட்டுங்க.”

“தொட்ட, கைய முறிச்சுருவேன்.”

நான் காலைப் பிடித்து இழுத்தேன். அவர் என் தோளில் அடித்தார். காலுறையை உருட்டினேன். தோலும் சேர்ந்து வந்தது. இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. பாதத்தின் நடுவில் ஒடிந்த முள் ஒன்று, ஊருக்கே முள் எடுத்தவரின் காலில். சுற்றிலும் கணுக்கால் வரை ஊதி நிறம் மாறியிருந்தது.

“எப்ப இருந்து?”

“சாம்பல் புதனுக்கு முன்னாடி, ரெண்டு மாசம் இருக்கும். சுகர் இருக்குல்ல, வலி தெரியாது. தானா ஆறிரும்.”

“அன்னைக்குச் சாமி வந்து கேட்டாரே…”

“அந்தப் பிள்ள கையில இதையா குடுக்கச் சொல்ற?”

“எங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

மதினி கடலைப் பார்த்தார். “சொன்னா? இந்தக் காலப் பாத்தவ எவடி அப்பறம் எங்கிட்டக் கால நீட்டுவா?”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படியொரு கோபம் என் வாழ்நாளில் வந்ததில்லை. மதினியைத் திட்டிய முதல் ஆள் நான்தான்.

“வெக்கமா இல்ல உங்களுக்கு? ஊர்ல உள்ள கால் பூராம் உங்க மடியில, உங்க கால் மட்டும் ராணி காலு, யாரும் தொடக் கூடாது! இதுக்குப் பேரு தாழ்மையா? திமிரு மதினி, திமிரு! இயேசு ஆண்டவரே தன் கால ஒரு பொம்பளகிட்டக் குடுத்துட்டு உக்காந்திருந்தாரு. அவ கண்ணீர் விட்டு, முடியால தொடச்சா. அவரு இழுத்துக்கிட்டாரா? நீங்க என்ன அவரவிடப் பெரிய ஆளா?”

மதினி, அடித்த கையாலேயே என் தோளைத் தடவிவிட்டார். பிறகு காலை நீட்டினார்.

கேன் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். அவரைத் திட்டினேனே தவிர, என்னை யார் திட்டுவது? அவர் ஒன்றும் வேண்டாம் என்றது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! ‘மதினிக்கு எதுவும் வேணாம்’ என்று சொல்லிச் சொல்லியே கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டோம். அதைத் தாழ்மை என்று பெயர் வைத்துக் கும்பிட்டோம். பிரசங்கத்தில் கேட்டோம். இப்போது ஃபிளெக்ஸில் அடித்து மாட்டிவிட்டோம்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து, பாம்பன் பாலம் தாண்டி, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கூடவே இருந்தேன். படுக்கையில் இருந்தபடி வார்டையே திட்டினார். சாப்பிடாமல் அடம்பிடிக்கும் பக்கத்துக் கட்டில் அம்மாவை, போனில் சத்தமாகப் பேசுகிறவர்களை, பார்க்க வந்து அழுத எங்கள் பெண்களை. “எதுக்குடி ஒப்பாரி? அங்கன கரையில முள்ளு எடுக்க ஆளில்லாமக் கெடக்கும், போங்க.”

மத்தியானம்தோறும் அவருடைய நல்ல காலைத் துணியால் துடைத்துவிடுவேன். துடைக்கும்போது நான் திட்டுவேன். அவர் திருப்பித் திட்டுவார். அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கட்டுப் போட்ட காலைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

எட்டாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “காலை எடுத்தாலும் இனிப் பயன் இல்லம்மா. விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க. கொஞ்சம் முன்னாடி யாராவது பார்த்திருந்தா…” என்றார். அவர் நல்ல மனிதர். சாதாரணமாகத்தான் சொன்னார். யாராவது பார்த்திருந்தால். அந்தச் சொல் இன்னும் என் காதில் முள்ளாக நிற்கிறது. ஊக்கால் நெம்பி எடுக்க ஆளில்லை.

உள்ளே வந்தேன். மதினி காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். துணியை நனைத்துப் பிழிந்தேன். குதிகாலைத் துடைத்தேன். விரல் இடுக்கைத் துடைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து குனிந்தபடியே இருந்தேன்.

“ஏடி.”

நான் நிமிரவில்லை.

“ஏன்டி ஒண்ணும் பேச மாட்டேங்குற?”

துணியை மறுபடி நனைத்தேன். அப்போதுதான் என் மணிக்கட்டை அவர் பிடித்தார். கண்ணில் பயம். பச்சைப் பிள்ளையின் பயம்.

“திட்டுடி,” என்றார். “என்னய ஏதாச்சும் திட்டுடி.”

ஆண்டவரே, அந்த நேரம் எனக்கு வாயைக் கொடுத்தது நீர்தான்.

“ஏன் திட்ட மாட்டேன்?” என்று ஆரம்பித்தேன். “எட்டு நாளா மகாராணி மாதிரி கட்டில்ல படுத்துக்கிட்டு, ஊரு உலகத்தையே வேலை வாங்கிக்கிட்டு! இந்தக் காலப் பாருங்க, மேக்கப்புப் போட்ட காலு மாதிரி! எந்திரிச்சு வந்து ஒழுங்கா மணல்ல உக்காருங்க. அங்கன ஒவ்வொருத்தியும் நொண்டிக்கிட்டுத் திரியிறாளுக. அடுத்த பௌர்ணமிக்கு வள்ளத்துக்கு வரல, உங்க ஊக்கக் கடல்ல எறிஞ்சுருவேன், ஆமா!”

பக்கத்துக் கட்டில் அம்மா பயந்துபோய்ப் பார்த்தார். மதினி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிடி மெல்லத் தளர்ந்தது.

“இன்னுங் கொஞ்சம்,” என்றார்.

திட்டினேன். அவர் தூங்கும்வரை திட்டினேன். மூன்றாம் நாள் எங்கள் கோயிலில் மணி அடித்தது.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது எல்லாப் பாவத்தையும் சொல்கிறேன். அன்று திட்டிச் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் சொல்வதில்லை. அது பாவமென்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கரையில் முள் எடுப்பது நான். எடுத்து முடித்ததும் என் காலையும் நீட்டுவேன், யாராவது ஒருத்தி பார்த்தே ஆகவேண்டும். வெட்கப்படுகிறவளுக்குத் திட்டு விழும்.

அந்த ஃபிளெக்ஸை இறக்கச் சொல்லிக் கமிட்டியில் கேட்டேன். நல்லதாகத்தானே எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். இறக்க வேண்டாம். அந்த மூன்றாவது வரியை மட்டும் அழியுங்கள்.

தனக்கென எதுவும் கேட்காதவராம். கேட்டார். ஒரே ஒரு முறை, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.